லேப் நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல்: நடுநிலை வகுப்பு அறிவியலில் வீட்டில் எதை எதிர்பார்க்கலாம்?

ஆகஸ்ட் 3, மாலை | ஆறாம்வகுப்புவீடு

மகள் ஆறாவது சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. அஞ்சாவது வரைக்கும் அறிவியல்னா பாடம், கேள்வி, பதில், அவ்வளவுதான். இப்ப நோட்டைத் திறந்தா பக்கத்துக்குப் பக்கம் அடிச்சு எழுதியிருக்கு. பனிக்கட்டி உருகும் வெப்பநிலை 0 டிகிரின்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவ 2 டிகிரின்னு எழுதி வச்சிருக்கா, டீச்சர் அதுக்கு டிக் வேற போட்டிருக்காங்க. தப்பான விடைக்கு டிக்கா? பாடம் நடக்குதா, இல்ல சும்மா விளையாட்டா? அடுத்த மூணு வருஷம் என்ன எதிர்பார்க்கணும், வீட்டுல என்ன வாங்கி வைக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆகஸ்ட் 3, இரவு | பிறைத்தளம்

டிக் சரிதான். வெப்பநிலைமானி 2 காட்டியிருக்கிறது, அவள் 2 என்று எழுதியிருக்கிறாள். முப்பது நோட்டிலும் 0 என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அது மானியைப் பார்த்து எழுதியதல்ல, புத்தகத்தைப் பார்த்து எழுதியது.

2 ஏன் வந்தது என்று கேளுங்கள், அதுதான் பாடம். பெரும்பாலும் மூன்று காரணங்கள். கட்டிகள் பெரிதாக இருந்து இடையில் காற்று நின்றிருக்கும். மானியின் குமிழ் பாத்திரத்தின் சுவரையோ அடியையோ தொட்டிருக்கும். அல்லது கலக்காமல் விட்டிருப்பார்கள், உருகிய நீர் ஒரு பக்கம் கொஞ்சம் சூடாகியிருக்கும். கட்டியை நன்றாக நொறுக்கி, அது நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கரண்டியால் கலக்கி, குமிழை நடுவில் வைத்து 2 நிமிடம் பொறுத்தால் 0 அல்லது 1க்கு வரும். மானியாலேயே கலக்கக் கூடாது. லேபில் மானிகள் பல அப்படித்தான் உடைகின்றன. பள்ளி மானிகளே ஒரு டிகிரி முன்பின் காட்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்று வருடக் கதை சுருக்கமாக: ஆறாவதில் பார்ப்பது, வகைபிரிப்பது, அளப்பது. ஏழாவதில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்பது. எட்டாவதில் கண்ணுக்குத் தெரியாதவை: துகள், மின்னோட்டம், செல்லுக்குள் நடப்பது. கூடவே கணக்கும் ஏறும். பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் தலைப்புகள் இடம் மாறும், இந்த வரிசை பெரும்பாலும் மாறாது.

ஆகஸ்ட் 4 | பிறைத்தளம்

அளப்பது என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டேன். முதல் இரண்டு மூன்று மாதம் அதிலேயே போகும். "இன்னும் பாடமே ஆரம்பிக்கலையே" என்று வீட்டில் பதறுவது இந்தக் காலத்தில்தான்.

ஓர் உதாரணம், கல்லின் அடர்த்தி. 100 மி.லி. அளவுக் குவளையில் 50 வரை தண்ணீர். கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்குகிறார்கள், மட்டம் 62க்கு ஏறுகிறது. கல்லின் கன அளவு 12 க.செ.மீ. தராசில் 31 கிராம். 31ஐ 12ஆல் வகுத்தால் 2.6.

இதில் எங்கெல்லாம் சறுக்கும் பாருங்கள். குவளையில் தண்ணீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்து ஓரத்தில் ஏறி நிற்கும். குழியின் அடிமட்டத்தைப் படிக்க வேண்டும், கண் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் எண் கூடிவிடும், கீழிருந்து பார்த்தால் குறையும். பிள்ளைகள் முதல் அளவை உட்கார்ந்து எடுப்பார்கள், கல்லைப் போட்டதும் ஆர்வத்தில் எழுந்து நின்று இரண்டாவதை எடுப்பார்கள். 12 என்பது 14 ஆகிவிடும். கல்லைத் தொப்பென்று போட்டால் தண்ணீர் தெறிக்கும், குவளையின் அடியும் போகும். கல்லை நனைத்த பிறகு தராசில் வைத்தால் நிறை கூடும், அதனால் தராசு முதலில், தண்ணீர் பிறகு. கால்குலேட்டர் 2.5833333 என்று காட்டுவதை அப்படியே எழுதுவது கடைசிச் சறுக்கல். 1 மி.லி. கோடு போட்ட குவளையை வைத்துக்கொண்டு ஏழு தசம இடம் எங்கிருந்து வரும்?

ஆகஸ்ட் 4 | ரெண்டாம்பெஞ்சு

ஒரு சறுக்கலை விட்டுவிட்டீர்கள். தலைகீழாக வகுப்பது. 12ஐ 31ஆல் வகுத்து 0.39 என்று கட்டம் கட்டி, கீழே ரெண்டு கோடும் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்குப்படி கல் மிதக்க வேண்டும். 1க்குக் கீழே வந்தால் "உன் கல் மிதந்ததா?" என்று மட்டும் கேளுங்கள், அவர்களே அழித்துத் திருத்துவார்கள்.

ஆகஸ்ட் 4 | பிறைத்தளம்

இது நான் எழுதியதைவிட உபயோகமானது. அறிவியலில் தடுமாறும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு உண்மையில் தசமமும் வகுத்தலும்தான் தடுமாற்றம். அறிவியல் மதிப்பெண் இறங்கினால் முதலில் கணக்கு நோட்டைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 6 | பிறைத்தளம்

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுத் தமிழும் வகுப்புத் தமிழும் இங்கேதான் முட்டிக்கொள்ளும். "சர்க்கரை தண்ணில உருகிடுச்சு" என்று வீட்டில் சொல்வோம். வகுப்பில் அது கரைந்தது. உருக வெப்பம் வேண்டும், கரையக் கரைப்பான் வேண்டும். தேர்வில் ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் மற்றதை எழுதினால் மதிப்பெண் போகும், அந்தத் திருத்தம் நியாயமானதும்கூட. "எடை எத்தனை கிலோ" என்கிறோம். கிலோவில் அளப்பது நிறை, எடை ஒரு விசை, அதன் அலகு நியூட்டன். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. சக்தி என்ற ஒரே சொல்லை ஆற்றலுக்கும் விசைக்கும் திறனுக்கும் மாற்றி மாற்றிப் போடுவோம். வீட்டுப் பேச்சைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், யாருக்கும் பொறுமை இருக்காது. "வகுப்புல இதை எப்படிச் சொல்லணும்?" என்று இடையிடையே கேட்டால் போதும்.

ஆகஸ்ட் 6 | ஆறாம்வகுப்புவீடு

கேட்டதுல ஒண்ணு பாக்கி இருக்கு. வீட்டுல என்ன வாங்கணும்? பெட்டி பெட்டியா அறிவியல் கிட் விக்கிறாங்க.

ஆகஸ்ட் 7 | பிறைத்தளம்

கிட் வேண்டாம். 100 சோதனை என்று அட்டையில் இருக்கும், இரண்டாவது வாரம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வேண்டியவை: 30 செ.மீ. ஸ்கேல், ஓர் அளவு நாடா, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, நூல், சில இரும்பு நட்டுகள், 1.5 வோல்ட் செல் 2, ஓர் எல்இடி, கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஓர் இரும்பாணி, உப்புத்தாள். ஸ்டாப்வாட்ச் போனிலேயே இருக்கிறது. ஸ்கேலின் முனை தேய்ந்திருந்தால் 0இலிருந்து அளக்காமல் 1இலிருந்து அளந்து 1ஐக் கழிக்கச் சொல்லுங்கள்.

முதல் சுற்று மின்சுற்று: ஒரு செல், ஒரு எல்இடி, ரெண்டு வயர். எரியும்.

அடுத்தது மின்காந்தம். ஆணியில் கம்பியை ஒரே திசையில் 50 சுற்று. வேலை செய்யாவிட்டால் 10க்கு 9 தடவை கம்பி முனையில் எனாமல் சுரண்டப்படாமல் இருக்கும். அது செம்பு நிறத்திலேயே இருப்பதால் வெறும் கம்பி என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் 2 செ.மீ. உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் இணைத்து வைக்கக் கூடாது, கம்பியும் செல்லும் சூடேறும். சுற்றை 25, 50, 75 என்று மாற்றி எத்தனை குண்டூசி ஒட்டுகிறது என்று எண்ணினால் அதுவே ஏழாம் வகுப்புச் சோதனை.

நூலும் நட்டும் தனி ஊசலுக்கு. நட்டின் நடுவிலிருந்து தொங்கவிடும் புள்ளி வரை 25 செ.மீ., பிறகு 100 செ.மீ. சின்னதாக இழுத்து விட்டு, 10 அலைவுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) நேரம் எடுத்து 10ஆல் வகுக்க வேண்டும். ஒரே அலைவை அளந்தால் விரல் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் தாமதமே 0.2 விநாடி போல வரும், 1 விநாடியில் அது ஐந்தில் ஒரு பங்கு. பத்து அலைவில் அந்தப் பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். விடை எவ்வளவு என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 7 | ரெண்டாம்பெஞ்சு

ஒரு செல்லில் எல்இடி எரியாது. சிவப்புக்கே 1.8இலிருந்து 2 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 பக்கம். அந்த வீட்டில் இன்றைக்கு இரவு அழுகை.

ஆகஸ்ட் 7, பின்னிரவு | பிறைத்தளம்

தப்புதான். பழைய டார்ச் பல்பை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். சிவப்பு எல்இடிக்கு 2 செல் தொடராக, 3 வோல்ட், கூடவே 100 ஓம் மின்தடை ஒன்று. நீளக் கால் செல்லின் நேர்முனைப் பக்கம். எரியவில்லை என்றால் முதலில் காலைத் திருப்பிப் பாருங்கள், பிறகு செல்கள் இரண்டும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 9 | பிறைத்தளம்

நுண்ணோக்கி வகுப்பு முடிந்து வரும் நாளில் நோட்டில் ஒரு படம் இருக்கும்: வட்டம் வட்டமாக, தடித்த கறுப்பு ஓரத்தோடு, "வெங்காயச் செல்" என்று பெயரிட்டு. அது செல் இல்லை, காற்றுக்குமிழ்.

வெங்காயத் தோல் செல்கள் செங்கல் சுவர் மாதிரி நீள்சதுரமாக அடுக்கியிருக்கும். அயோடின் ஒரு சொட்டு விட்டிருந்தால் உள்ளே உட்கரு பழுப்பு மஞ்சளாகத் தெரியும். குமிழ் எங்கிருந்து வந்தது? மூடு வில்லையை, அதாவது மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டை, தட்டையாக டப்பென்று வைத்ததால். ஒரு விளிம்பைச் சொட்டில் தொடவைத்து, சாய்வாகப் பிடித்து, ஊசி முனையால் தாங்கி மெல்ல இறக்கினால் காற்று மறுபக்கமாக வெளியேறும். தோல் மடிந்திருந்தாலும் கெட்டது, இரண்டு அடுக்குச் செல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து குழப்பும்.

குறைந்த லென்ஸில் ஆரம்பிக்க வேண்டும். கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 4, ஆக 40 மடங்கு. பிறகு 10, கடைசியில் 40, அதாவது 400 மடங்கு. 40க்குப் போன பிறகு பெரிய திருகைத் தொட்டால் லென்ஸ் கண்ணாடியில் மோதி வில்லை நொறுங்கும். படம் தலைகீழ் என்பதால் தோல் வைத்த கண்ணாடித் தகட்டை இடப்பக்கம் நகர்த்தினால் காட்சி வலப்பக்கம் ஓடும். முதல் வகுப்பில் பாதி நேரம் இந்தத் துரத்தலிலேயே போகும், அது வீணான நேரம் அல்ல.

ஆகஸ்ட் 10 | ரெண்டாம்பெஞ்சு

ஆறு பேருக்கு ஒரு நுண்ணோக்கி என்றால் துரத்துவது ஒருவர், "எனக்கு, எனக்கு" என்பது ஐந்து பேர். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றியே பேசாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர், எழுதுகிறவரும் கையால் செய்கிறவரும் மாறி மாறி வருகிறார்களா? கையெழுத்து அழகாக உள்ள பிள்ளையைத்தான் எப்போதும் எழுத வைப்பார்கள். வருடம் முடியும்போது அந்தப் பிள்ளை ஒரு திருகையும் தொட்டிருக்காது.

ஆகஸ்ட் 15 | ஆறாம்வகுப்புவீடு

புராஜெக்ட் வந்துருச்சு. விதைக்கு வெளிச்சம் வேணுமா? ஒரு தட்டு ஜன்னல்ல, ஒரு தட்டு அலமாரிக்குள்ள வச்சோம். 8 நாள் ஆச்சு. அலமாரிச் செடிதான் ரெண்டு மடங்கு உயரம்! தப்பா வந்துருச்சுன்னு அழுகிறா. எரிமலை மாடல் பண்ணிரலாமான்னு யோசிக்கிறோம்.

ஆகஸ்ட் 15 | பிறைத்தளம்

எதையும் தூக்கிப் போடாதீர்கள்! அருமையான முடிவு வந்திருக்கிறது.

அளந்தது சரி, கேள்விதான் இரண்டாகப் பிரிய வேண்டும். முளைப்பதற்குப் பெரும்பாலான விதைகளுக்கு வெளிச்சம் தேவையில்லை, ஈரமும் காற்றும் ஏற்ற சூடும் போதும். அதனால் இரண்டு தட்டிலும் முளைத்திருக்கும். முளைத்த பிறகு, இருட்டில் உள்ள செடி விதையில் சேர்த்து வைத்த உணவைச் செலவழித்து, வெளிச்சத்தைத் தேடி நீளும். உயரம் கூடும், வளர்ச்சி கூடியதாக அர்த்தமில்லை. தண்டு எவ்வளவு தடிமன், இலை எவ்வளவு அகலம், நிறம் என்ன என்று மூன்று பத்தி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். இருட்டுச் செடி வெளிறிய மஞ்சளாக, நூல் மாதிரி, இலை விரியாமல் இருக்கும். கையிருப்பு தீர்ந்ததும் சாயும்.

நேரம் இருந்தால் மறுபடி ஒரு சுற்று. ஒரு தட்டுக்கு 10 விதை, ஒவ்வொரு நிலைக்கும் 3 தட்டு, மொத்தம் 60 விதை. நாளுக்கு ஒரு தட்டுக்கு 5 மி.லி. தண்ணீர், சிரிஞ்சால். "கொஞ்சம்" என்ற அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஜன்னலும் அலமாரியும் வேண்டாம், ஜன்னல் சூடாகவும் இருக்கும், அப்போது வெளிச்சத்தோடு வெப்பமும் மாறிவிடும். நேர் வெயில் படாத ஒரே மேசையில் வைத்து, மூன்று தட்டின் மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தால் வித்தியாசம் குறையும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் ஒளிக்க வேண்டாம், எந்தத் தட்டில் எந்த நாளில் என்று எழுதலாம்.

எரிமலை மாடல் ஒரு காட்சி. அதில் மாற்றவும் அளக்கவும் ஒன்றும் இல்லை. மாடல் வேறு, சோதனை வேறு. பள்ளி எதைக் கேட்டது என்று சுற்றறிக்கையை இன்னொரு தடவை படியுங்கள்.

ஆகஸ்ட் 16 | பிறைத்தளம்

செடி என்றதும் வான் ஹெல்மோன்ட் என்ற அந்தக் காலத்து விஞ்ஞானி ஞாபகம். மண்ணை உலர்த்தி நிறுத்து, ஏறத்தாழ 90 கிலோ, அதில் ஒரு வில்லோ கன்றை நட்டு 5 வருடம் தண்ணீர் மட்டும் விட்டார். 2 கிலோவுக்குச் சற்று மேல் இருந்த கன்று 76 கிலோவைத் தாண்டியது. மண் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார், அவர் இறந்த பிறகு 1648இல் அது அச்சானது. நிறுத்தது சரி, முடிவில் பாதி தப்பு: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கிலேயே இல்லை. உங்கள் மகளிடம் "செடி எடை எங்கிருந்து வருது?" என்று கேட்டுப் பாருங்கள். "மண்ணிலிருந்து" என்றால் ஒளிச்சேர்க்கை இன்னும் மனதில் இறங்கவில்லை. சமன்பாட்டை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளையும் அதே பதிலைச் சொல்லும்.

ஆகஸ்ட் 16 | ரெண்டாம்பெஞ்சு

பெரியவர்களிடமும் கேளுங்கள், அதே பதில்தான். கோடை ஏன் வருகிறது என்றால் "சூரியன் கிட்ட வருது" என்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி. அச்சின் சாய்வுதான் காரணம். தேய்பிறைக்கு "பூமியோட நிழல்" என்று சொல்லிக்கொடுப்பதும் வீட்டிலிருந்துதான் வருகிறது. நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம்.

ஆகஸ்ட் 20 | பிறைத்தளம்

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், வீட்டில் எந்த அளவு உதவலாம் என்று. "கையே வைக்காதீர்கள்" என்று பதில் அனுப்பினேன். யோசித்துப் பார்த்தால் அது சரியான பதில் இல்லை. 11 வயதுப் பிள்ளைக்குத் திட்டமிடத் தெரியாது. 8 நாள் சோதனையை ஒப்படைக்கும் நாளுக்கு 3 நாள் முன்பு ஆரம்பிக்கும். நாட்காட்டியில் பின்னாலிருந்து எண்ணி நாள் குறிப்பது, பொருள் வாங்கித் தருவது, சூடான வேலைகளில் பக்கத்தில் நிற்பது, இவை பெரியவர் வேலை. அட்டவணை, கிராஃப், முடிவு மூன்றும் பிள்ளையுடையவை.

கிராஃப் பார்க்கும்போது: மாற்றியது கிடைக்கோட்டில், அளந்தது செங்குத்தில், அலகு அச்சின் பக்கத்தில். புள்ளிகளை ஒன்றோடொன்று முறித்து முறித்து இணைத்திருந்தால், போக்கைக் காட்டும் ஒரே கோடு போதும் என்று சொல்லலாம். எண்களை மட்டும் "சரி" செய்து தராதீர்கள். ஆசிரியர்களுக்கு அது ஒரே பார்வையில் தெரியும்.

ஆகஸ்ட் 21 | பிறைத்தளம்

பாதுகாப்பு, நாலு வரி. சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்த பிறகே தொட வேண்டும். லேப் நாளில் முடியைக் கட்டி, மூடிய காலணி. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் வருட ஆரம்பத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வீட்டில் கழிவறை அமிலத்தையும் பிளீச்சையும் கலந்து பார்க்கும் யோசனை எந்த வீடியோவிலிருந்து வந்தாலும் கூடாது, குளோரின் வாயு வரும். பட்டன் செல்களைச் சின்னத் தம்பி தங்கை கையில் எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனை.

ஆகஸ்ட் 24 | ஆறாம்வகுப்புவீடு

புது சுற்று விதை போட்டாச்சு, பெட்டியும் கவிழ்த்தாச்சு. நடுவுல ஊசலும் பண்ணினா. 25 செ.மீ. நூலுக்கு 10 அலைவு 9.1 விநாடி, 100 செ.மீ.க்கு 18.2. மூணு தடவையும் கிட்டத்தட்ட அதேதான். நெட்ல பார்த்தா 1 விநாடி, 2 விநாடின்னு இருக்கு. நீளத்தை முடிச்சு வரைக்கும்தான் அளந்திருப்பாளோ?

ஆகஸ்ட் 24 | ரெண்டாம்பெஞ்சு

அப்படி அளந்திருந்தால் உண்மையான நீளம் 25ஐவிடக் கூடுதலாக இருந்து, நேரமும் கூடியிருக்கும். இங்கே குறைந்திருக்கிறது. அதுவும் இரண்டு நீளத்திலும் ஒரே விகிதத்தில், பத்தில் ஒரு பங்கு போல.

ஆகஸ்ட் 24 | பிறைத்தளம்

கையை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்திருப்பாள். "பத்து" என்று சொல்லி நிறுத்தும்போது ஊசல் 9 தடவைதான் போய்வந்திருக்கும். 9.1ஐ 9ஆல் வகுத்தால் 1.01, 18.2ஐ 9ஆல் வகுத்தால் 2.02. விடும்போது "சைபர்" என்று சொல்லச் சொல்லுங்கள். பழைய எண்களை அழிக்க வேண்டாம், ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் காரணம் எழுதட்டும்.

முடிவு என்று என்ன எழுதியிருக்கிறாள்?

ஆகஸ்ட் 24 | ஆறாம்வகுப்புவீடு

"நூல் நாலு மடங்கு ஆனா நேரம் ரெண்டு மடங்கு."

ஆகஸ்ட் 24 | பிறைத்தளம்

அது சரி. அதைத் தொடவே வேண்டாம்.